டேண்டம் சைக்கிளுக்கு டிஸ்க் ரோட்டர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள ஆல்ப் டு ஹுவெஸ் மலைப்பாதையின் நீளம் 13.8 கிலோமீட்டர். 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரியாக 8 சதவீதச் சரிவு. இருவர் சேர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் அங்கே போகிறீர்கள்; இரண்டு பேர், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 190 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அடிவாரம் வருவதற்குள் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் ஆற்றல் கழிந்தாக வேண்டும். 7 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்; மீதியில் பெரும்பகுதி, சக்கரங்களோடு சுழலும் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளின், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் ரோட்டர்களின், தலையில்தான் விழும்.

சமதரையில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவதுதான் முதல் தவறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அழுத்திப் பிடித்து நிறுத்தினால் ரோட்டருக்குள் போவது சுமார் 12,000 ஜூல். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 10 சதவீதச் சரிவில் பிரேக்கைப் பிடித்தபடியே 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், நொடிதோறும் 1,000 ஜூல் வெப்பம் விடாமல் சேரும். ரோட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதற்காக.

எடை குறைவு என்று துளைகள் நிறைந்த ரோட்டரை வாங்குவதும் தவறு. டேண்டத்தில் ரோட்டரின் எடைதான் பாதுகாப்பு: எஃகு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு மெதுவாகச் சூடேறும். 1.8 மில்லிமீட்டர் வழக்கமான தடிமன். 2.0, 2.3 மில்லிமீட்டரிலும் கிடைக்கின்றன. ரோட்டரைக் கவ்வும் பிரேக் பகுதியான காலிப்பர் இடம் கொடுத்தால் அவற்றையே எடுங்கள். ஹோப் நிறுவனத்தின் காற்றோட்ட ரோட்டர் 3.3 மில்லிமீட்டர். அதற்கென்றே அகலமான காலிப்பர் வேண்டும்.

அதிகம் எச்சரிக்க வேண்டியது, எஃகுக்கு நடுவே அலுமினியம் வைத்த ரோட்டர்களைப் பற்றி. தனியாள் வண்டிக்கு அவை அருமையானவை, வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஆனால் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். நீண்ட இறக்கத்தில் டேண்டம் அந்த எல்லையை நெருங்கக்கூடும், நடுப்பகுதி உருகிய ரோட்டர்களும் உண்டு. உராயும் வளையம் முழு எஃகாக இருக்கட்டும். நடுவே பொருத்தும் சட்டம் மட்டும் அலுமினியம் என்றால் கவலையில்லை. சூட்டில் விரியும் வளையம் கோணாமலிருக்க அது உதவவும் செய்யும்.

முன்னால் 203, பின்னால் 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டர் என்று போடுகிறார்கள். தனியாள் வண்டியில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் எளிதில் எழும்பிவிடும், அதனால் அது சரி. டேண்டத்தின் நீளத்துக்குப் பின்சக்கரம் தரையை விடாது. பின் பிரேக்கும் பெரும் பங்கு உழைக்கும். இரண்டு பக்கமும் 203 என்பதே என் பரிந்துரை. ஃபோர்க்கும் ஃபிரேமும் எந்த அளவுவரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் மீறாதீர்கள்.

ரோட்டரில் உராயும் பிரேக் கட்டைகளான பேடுகள் ரெசினிலும் உலோகத்திலும் வரும்; ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறித்த ரோட்டரில் உலோக பேடு போடக் கூடாது. ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றும் டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பது 155 டிகிரிதான். எனவே ரோட்டரோடு ஆயிலையும் மாற்றுங்கள்.

பழைய ரோட்டர் வாங்குவதானால் தடிமனை அளக்க வெர்னியர் அளவுகோலோடு போங்கள். பல ரோட்டர்களில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர். தனியாள் வண்டியில் அதுவரை ஓட்டலாம். டேண்டத்துக்கென்றால் 1.7-ஐக் கண்டதுமே வேண்டாமென்று விடுங்கள்.