மொறுமொறு டாக்கோ: மாவிலேயே கோட்டை விடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து அண்ணன் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். வாணலியில் எண்ணெய் நுரைத்துக்கொண்டிருக்கிறது, நடுவில் இரண்டாகப் பிளந்த டாக்கோ (மசாலா வைத்து மடிக்கிற மெக்சிகோ மக்காச்சோள ரொட்டி), சுற்றிலும் உருளைக்கிழங்கு மசாலா சிதறிக் கருகிக் கிடக்கிறது. கீழே ஒரு வரி: "அத்தை, மடிச்சாலே உடையுது, என்ன பண்ணட்டும்?" முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன்னால் தர்மபுரியில் என் அடுப்படியில் நடந்ததும் அச்சு அசல் இதேதான். இப்போது வார இறுதியில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன், கற்றுக்கொள்ள வருகிறவர்களும் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள்.

உப்பு பார்ப்பது, கை சுடாமல் எண்ணெயில் விடுவது இதெல்லாம் பஜ்ஜி போடத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மற்றபடி எங்கெங்கே தவறுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கார்ன்ஃப்ளார் பாக்கெட்

கடையில் அந்தப் பெயரில் விற்பது வெறும் ஸ்டார்ச். சூப்புக்கு ஆகும், டாக்கோவுக்கு ஆகாது.

மில்லில் அரைத்த மக்காச்சோள மாவு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு தவறுதான். 'மக்காச்சோள மாவு இரண்டு கப், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கப்' என்று குறிப்பில் எழுதிவிடுகிறார்கள், எந்த மாவு என்று சொல்வதே இல்லை. நம் பக்கம் கேழ்வரகு ரொட்டி தட்டிப் பழகிய கை, எந்த மாவாக இருந்தாலும் வெந்நீர் விட்டுப் பிசைந்தால் வழிக்கு வந்துவிடும் என்று நம்பும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு பிறந்தநாளுக்கு நாற்பது டாக்கோ என்று முன்பணம் வாங்கிவிட்டு, மூன்று கிலோ மக்காச்சோளத்தை மில்லில் கொடுத்து நைசாக அரைத்து வந்து பிசைந்தேன். தட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, கல்லில் போட்டால்கூட வட்டமாகத்தான் இருந்தது. மசாலா வைத்து மடித்த இடத்தில் 'பட்'டென்று விட்டது. எப்படியோ ஒட்டி எண்ணெயில் போட்டேன், அங்கே போய் வாயைப் பிளந்தது. உள்ளே இருந்ததெல்லாம் எண்ணெயில் கொட்டி, இரண்டு லிட்டர் செக்குக் கடலெண்ணெய் கால் மணி நேரத்தில் கருத்துப் போனது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

காரணம் இதுதான். கோதுமையில் இருக்கிற குளூட்டன் மக்காச்சோளத்தில் கிடையாது, அதனால் மாவுக்குப் பிடிப்பு இல்லை. கொஞ்சம் கனமாகத் தட்டி ரொட்டியாகச் சாப்பிடலாம், வடக்கே அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மெல்லிசாகத் தட்டி மடித்துப் பொரிக்க அது தாங்காது. மெக்சிகோவில் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். அந்தச் சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர், அங்குள்ள பழைய நாவாட்டில் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சுண்ணாம்பு பட்டதும் மேல்தோல் கரைந்து கழன்றுவிடும், மாவுக்குப் பசை வரும், மடித்தால் வளையும். சோளத்தில் கட்டுண்டு கிடக்கிற நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்வதும் இதனால்தான். ஐரோப்பாவுக்குச் சோளம் போனபோது இந்தப் பக்குவம் கூடவே போகவில்லை, சோளத்தையே மூன்று வேளையும் சாப்பிட்ட ஏழைகளுக்கு பெலாக்ரா என்ற நோய் வந்தது. ஆகவே இதைச் சமையல் நுணுக்கம் என்று மட்டும் நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

நான் செய்கிற விதம் இது. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளம், மூன்று லிட்டர் தண்ணீர், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு உருண்டை. தூளாகக் கிடைத்தால் பத்து கிராம் போதும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைத் தொடவே கூடாது. அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், சுண்ணாம்பு அதை அரிக்கும், எவர்சில்வர்தான் சரி. மெல்லிய தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகும்போது தண்ணீர் மஞ்சளாகிப் பளபளக்கும். ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், தோல் வழுவழுவென்று நழுவி வந்தால் அடுப்பை அணைத்து அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, கிரைண்டரில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும், ஊற்றினால் இட்லி மாவாகிவிடும். ஒரு சிறு உருண்டையை அமுக்கினால் ஓரம் வெடிக்கக் கூடாது. எலுமிச்சை அளவு உருட்டினால் ஐம்பதுக்குக் குறையாமல் வரும். இரண்டு பால் கவருக்கு நடுவில் வைத்துப் பூரி பிரஸ்ஸில் அழுத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் போட்டெடுத்துத் துணியில் மூடி வையுங்கள்.

சோளம் வாங்குகிற இடத்திலும் கவனம் வேண்டும். நம் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது என்பதற்காகக் கோழித் தீவனத்துக்கு வைத்திருப்பதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வராதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தால் உள்ளே நஞ்சு இருக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. விதைக்கு விற்கிற, மருந்து தடவிச் சிவப்பேறிய சோளம் அதைவிட ஆபத்து. கழுவினால் போய்விடும் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். போகாது.

இவ்வளவு பாடு முடியாதென்றால் மாசா ஹரினா என்று கேட்டு இணையத்தில் வாங்குங்கள். இதே பக்குவம் செய்து காயவைத்த மாவுதான் அது. விலை கூடுதல், ஆனாலும் இரண்டு லிட்டர் எண்ணெயை வீணாக்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

கல்லிலிருந்து எடுத்த கையோடு பொரிப்பது

துணிக்குள் பத்து நிமிஷம் இருந்தால் ரொட்டி மெத்தென்று ஆகும், அந்தப் பதத்தில் மசாலா வைத்து மடித்துவிடுங்கள். மடித்ததைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் எண்ணெய். உள்ளே ஆவி இருந்தால் உப்பும், எண்ணெய் குடிக்கும், மொறுமொறுப்பு வராது. வாய் திறக்காமலிருக்க ஒரு பல் குச்சியைக் குத்தி வைக்கலாம்.

குழம்புக் கறி

முந்தின நாள் கோழிக் குழம்பில் மிஞ்சிய கறியை அப்படியே வைக்காதீர்கள், சாறு கசிந்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். உதிர்த்துச் சுண்ட வறுத்தபின் வையுங்கள். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, ஆறியதும் மசித்தால் ஈரம் கட்டாது. ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

எண்ணெய்ச் சூடு

180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா, மிளகளவு மாவைப் போடுங்கள், அடியில் தங்காமல் உடனே நுரைத்து மேலே வர வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று நாலுக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும், சரி, பொறுமையாக இரண்டு ஈடு கூடப் போடுங்கள்.

U வடிவில் வளைந்த வெறும் ஓடு

தொடக்கத்தில் இது வேண்டாம். மசாலா இல்லாத ரொட்டியை வளைத்து இடுக்கியால் பிடித்தபடி பொரிப்பது சிரமம். நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டொனாடோ இதற்கென்றே ஒரு கம்பிச் சட்டம் செய்து 1950-இல் காப்புரிமை வாங்கினார் என்றால் எவ்வளவு தொல்லை என்று பாருங்கள். மசாலாவை உள்ளே வைத்து மடித்துப் பொரிக்கிற டாக்கோஸ் டொராடோஸ்தான் வீட்டுக்கு ஏற்றது.

செய்தித்தாளில் வடிய விடுவது

அச்சு மை உணவில் ஏறும். கம்பி வலையில் நிமிர்த்தி வையுங்கள்.

ஹாட் பாக்ஸ்

வேண்டாம். பத்து நிமிஷத்தில் நமத்துவிடும்.

தக்காளி

பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தக்காளிக்குக் குறை இல்லை, அதனாலேயே அள்ளிப் போடுகிறார்கள். விதையையும் சாறையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்குங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும். அப்புறம் சீசன் நேரத்தில் பெங்களூரா மாங்காய் கிடைத்தால் தக்காளியைப் பாதியாகக் குறைத்து, மாங்காயைப் பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லியோடு சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைச் செய்யாமல் விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நேற்று ராத்திரி அண்ணன் மகளிடமிருந்து மறுபடியும் ஒரு போட்டோ வந்தது. எவர்சில்வர் பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீர், அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சோளத்தோல். "தோல் வருது அத்தை. அடுப்பை அணைச்சிட்டேன்."