முதல் உளப்பிறழ்வில் நாம் இழக்கும் மாதங்கள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், தொடக்க ஆண்டுகளில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை. மாத்திரையின் அளவு பிசகுவது போன்றவற்றை யாராவது கண்டு திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை. உளப்பிறழ்வு, அதாவது இல்லாத குரல் கேட்பது, பொய்யானதை உறுதியாக நம்புவது என நனவுலகத் தொடர்பு குலையும் நிலை, முதன்முறையாக வருபவர்களிடம் நாம் செய்யும் பிழைகளையே எழுதுகிறேன்.

நோயின் பெயர் உறுதியாகட்டும் என்று காத்திருப்பது

வகுப்பில் இருப்பவர்கள் தன் எண்ணங்களை அறிந்துகொள்கிறார்கள் என்று ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனச்சிதைவா, மனச்சோர்வா, தேர்வுப் பதற்றமா என்று எனக்குத் தெளிவாகாததால், தேர்வு முடிந்தபின் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டு மாதங்கள் கழித்துக் குடும்பத்தார் அவரை அழைத்து வந்தபோது படிப்பு நின்றுபோயிருந்தது. தாய் பரிமாறிய உணவில் நஞ்சிருக்கும் என்று அஞ்சி, உண்ணாமல் மெலிந்திருந்தார். அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நார்வேயின் ஸ்டாவாங்கர் பகுதியில் 1997இல் தொடங்கிய உளப்பிறழ்வைத் தொடக்கத்திலேயே கண்டறியும் ‘டிப்ஸ்’ திட்டம், அறிகுறிகளைப் பொதுமக்களுக்கு விளக்கியதோடு, எவரும் நேரடியாக அழைக்கக்கூடிய குழுவையும் அமைத்தது. சிகிச்சையின்றிக் கழியும் காலத்தின் இடைநிலை அளவு (பாதிப்பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப்பேருக்கு அதிகம்) 26 வாரங்களிலிருந்து ஏறத்தாழ 5 வாரங்களாகக் குறைந்தது. பரப்புரையை நிறுத்தியதும் அது மீண்டும் கூடியது.

பெயர் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியவை உண்டு. அடுத்த சந்திப்பை ஒரு வாரத்துக்குள் வையுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. கஞ்சாப் பழக்கத்தையும் உடல்நோய்க் காரணங்களையும் ஆராயுங்கள். வரவில்லையென்றால் நீங்களே அழையுங்கள்.

ஆபத்துநிலையை நோயாகவே கொள்வது

இது மேற்சொன்னதற்கு நேரெதிரான பிழை. ஆபத்துநிலை என்பது உளப்பிறழ்வின் மெல்லிய அறிகுறிகள் மட்டும் தெரியும் நிலை. அப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த சில ஆண்டுகளில் முழு உளப்பிறழ்வு உண்டாவதில்லை. அதனால் உளப்பிறழ்வு மருந்தை முதல் வழியாக எழுதாமல், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் நடத்தையையும் பேசி மாற்றப் பழக்கும் சிகிச்சை) தொடர் கவனிப்பையும் கொடுப்பதே முறை.

நோயாளியின் பொய்யான நம்பிக்கையை எதிர்த்து வாதிடுவது

அவர் நம்புவது பொய்யென்று வாதிடாதீர்கள்; அதன் பின்னுள்ள அச்சத்தைக் கேளுங்கள்.

எடை பார்க்காமல் மருந்தைத் தொடங்குவது

எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவை முதல் மாத்திரைக்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். முதன்முறையாக உளப்பிறழ்வு மருந்து உட்கொள்ளும் இளையோருக்குச் சில வாரங்களிலேயே எடை கூடிவிடலாம். அதை நாம் பேசாமல் விட்டால், அவர்கள் நம்மிடம் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.