மெட்டீரியல் டெலிவரிக்கு எவ்வளவு வாங்குவது? டீசல் கணக்கு போடும் முறை

பெங்களூரில் பிளம்பிங், எலக்ட்ரிகல் சாமான் விற்கும் கடைகளில் 'இரண்டாயிரத்துக்கு மேல் டெலிவரி இலவசம்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். பில் தொகையைப் பார்த்து டீசல் எரிவதில்லை. அல்சூர் கடையிலிருந்து இந்திராநகர் போகும் இரண்டாயிரமும் ஒயிட்ஃபீல்டு போகும் இரண்டாயிரமும் ஒன்றா? எங்கள் கடையில் இப்போது போடும் கணக்கு இதுதான். வண்டி, டீசல் டாடா ஏஸ்.

படி 1: உண்மையான மைலேஜ்
கம்பெனி சொல்லும் மைலேஜை மறந்துவிடுங்கள். டேங்க் நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் போதும். இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். டிரைவர் வாட்ஸப்பில் அனுப்பும் மீட்டர் போட்டோவும் ஒரு நோட்டும் போதும்.

படி 2: கிலோமீட்டருக்கு எவ்வளவு
டீசல் 91 ரூபாய், மைலேஜ் 14 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.50. 2025 ஏப்ரலில் கர்நாடகம் டீசல் மீதான வரியை 21.17 சதவீதமாக ஏற்றியபோது லிட்டருக்கு 2 ரூபாய் கூடியது. எல்லோரும் புலம்பினோம். ஆனால் ஒயிட்ஃபீல்டு போய்வர, சுற்று வழியும் சேர்த்து, 35 கிலோமீட்டர் என்றால், அந்த ஏற்றத்தால் கூடுவது வெறும் 5 ரூபாய். மறந்துபோன இரண்டு எல்போவுக்காக (பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைவு) அதே வண்டி இன்னொரு முறை போனால் 228 ரூபாய். கையைக் கடிப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டயர், ஆயில், டிரைவர் பேட்டா எல்லாம் இதற்கு மேல்.

படி 3: தூரத்தைப் பங்கு போடுவது
பலரும் தடுக்கி விழும் இடம் இது. மேப்பில் தெரியும் 16 கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கூலி சொல்லிவிடுகிறார்கள். வண்டி காலியாகத் திரும்பி வரும்போதும் டீசல் குடிக்கும். கடையில் கிளம்பி கடைக்கே திரும்பும்வரை உள்ள தூரம்தான் கணக்கு.

ஒரே திசையில் மூன்று சைட் என்று வையுங்கள்: இந்திராநகர் 4, கே.ஆர்.புரம் 10, ஒயிட்ஃபீல்டு 16 கிலோமீட்டர். கூட்டினால் 30. மொத்தச் செலவு 228 ரூபாயை இதே விகிதத்தில் பிரித்தால் இந்திராநகருக்கு 30, கே.ஆர்.புரத்துக்கு 76, ஒயிட்ஃபீல்டுக்கு 122. தனியாகப் போயிருந்தால் ஒயிட்ஃபீல்டு மேஸ்திரி தலையில் 228-ம் விழுந்திருக்கும். சமமாகப் பிரிப்பது சுலபம்தான், ஆனால் பக்கத்து வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கூகுள் மேப்ஸில் பல நிறுத்தங்கள் சேர்க்கலாம். ஆனால் வரிசையை அது மாற்றித் தராது, சரக்கு வண்டிக்கு எந்த ரோடு எந்த நேரத்தில் தடை என்றும் சொல்லாது. அதற்கு டிரைவரைக் கேளுங்கள். பத்தடி பைப் ஏற்றும் நாளில் வரிசையைப் பைப்தான் முடிவு செய்யும். ஏஸ் தொட்டி ஏழடிதான். கேபின் மேல் சாய்த்து, பின்னால் சிவப்புத் துணி கட்டிய பைப்பை அவிழ்க்காமல் அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க முடியாது. கடைசி சைட் சாமானை முதலில் ஏற்றுங்கள்.

படி 4: இரண்டாவது ட்ரிப்பைத் தவிர்ப்பது
ஒயிட்ஃபீல்டுக்கு இன்ன கிழமை என்று முடிவு செய்து, முந்தின நாள் இரவே லிஸ்ட் வாங்கிவிடுங்கள். அப்படியும் "அண்ணா, முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு குறையுது, யாரையாவது அனுப்புங்களேன்" என்று போன் வரும். எல்போ, டீ, கப்ளிங் என்று பைப் இணைப்புச் சாமான் எல்லாவற்றிலும் லிஸ்டுக்கு மேல் நாலைந்து தனிப் பையில் போட்டு அனுப்புங்கள். மிச்சத்தை அடுத்த வண்டியில் திருப்பித் தரட்டும். திறந்த சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) டப்பாவை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: டெலிவரி கூலியைப் பில்லில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். சேர்க்கலாம். ஆனால் சாமானோடு ஒரே பில்லில் வரும் கூலிக்குச் சாமானின் ஜி.எஸ்.டி. விகிதமே பொருந்தும். பிளாஸ்டிக் பைப் என்றால் 18 சதவீதம். 100 ரூபாய் கூலி மேஸ்திரிக்கு 118 ஆகிவிடும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருக்கு அந்த 18 திரும்ப வராது. நமக்கும் டீசல் வரிக்குக் கிரெடிட் (கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, அது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. கூலி சொல்லும்போதே வரியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சைட்டில் நின்று டிரைவர் பேரம் பேச வேண்டியிருக்காது.