வீட்டுக்குப் பின்னாடி அஞ்சு கோழி, நாத்தம் இல்லாம

மதுரையில ரெண்டரை சென்ட் இடத்துல எங்க வீடு, கட்டினது போக பின்னாடி மிச்சம் 12க்கு 10 அடி. அதுல பாதி கோழிக்கூண்டு, பாதி கீரைப்பாத்தி. புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் தீவனம் என்ன, எந்த ரகம்னு தான் கேக்கறாங்க, ஆனா சிட்டில கோழி வளர்க்கறவன் பாதியில விடறது பெரும்பாலும் நாத்தத்தாலதான். அதனால மத்ததெல்லாம் சுருக்கமா சொல்லிட்டு அதுக்கு வர்றேன்.

1. கோழி வாங்கறது

முதல் தடவைன்னா குஞ்சு வாங்காதீங்க, ரெண்டு மாசம் தாண்டின கோழியா வாங்குங்க, பல்பு போட்டு சூடு குடுக்கற வேலை மிச்சம். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க, எட்டாவது வாரம் றெக்கைக்கு அடியில போடற ஊசி ரொம்ப முக்கியம், போடலைன்னா பக்கத்துல இருக்கற கால்நடை மருந்தகத்துல கேட்டு போட்டுருங்க. முட்டைக்கு மட்டும்னா சேவல் வேண்டாம், சேவல் இல்லாமலே முட்டை போடும், பொரிக்காது அவ்ளோதான். நான் வச்சிருக்கறது சிறுவிடைங்கற நாட்டுக்கோழி. 10, 15 முட்டை போட்டுட்டு அடைக்கு உக்காந்துரும். முட்டை நிறைய வேணும்னா ஹைதராபாத்ல உருவாக்கின கிராமப்பிரியா ரகம் வாங்குங்க.

2. கூண்டு

அஞ்சு கோழிக்கு 6க்கு 4 அடி. அறுகோண கோழிவலை வாங்காதீங்க, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், பெருச்சாளிய தடுக்காது. அரை இஞ்ச் கண்ணி வெல்டு மெஷ் கம்பிவலை தான், காசு கூடத்தான் ஆகும், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சுத்தி ஒரு அடி மண்ணுக்குள்ள இறக்கிருங்க. கூரைய நாலு பக்கமும் ரெண்டடி வெளிய நீட்டி விடுங்க.

3. கூளம் (இதுதான் விஷயமே)

கூண்டுத் தரையில மூணு இஞ்ச் உமி பரப்பணும், இதத்தான் கூளம்னு சொல்றது. மரத்தூள், தேங்காநார்த்தூள், கடலைத்தொலின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, எனக்கு உமிதான், ரைஸ்மில்லுல சாக்குக்கணக்குல கிடைக்கும், கிளறவும் லேசு.

முதல் வருசம் நானும் உமிதான் போட்டேன், ஆனா தண்ணி டப்பாவ தரையிலயே வச்சிருந்தேன். ஐப்பசி மழை வேற, சாரல் உள்ள அடிச்சு, கோழி காலால தட்டி தண்ணி சிந்தி, ஒரே வாரத்துல கூளம் மேல அடை மாதிரி ஒட்டிப்போச்சு. பக்கத்து வீட்டு அக்கா செவுத்துக்கு அந்தப்பக்கம் நின்னு "தம்பி, துணி காயப்போட வந்தா கண்ணு எரியுதுப்பா"ன்னாங்க. நின்னுக்கிட்டு பாத்த எனக்கு ஒண்ணும் தெரியல, குனிஞ்சு முட்டை எடுக்கும்போதுதான் சுள்ளுனு ஏறுச்சு. நாலாம் நாள் எச்சத்துல ரத்தம், ரெண்டு கோழி போயிருச்சு. ரத்தக்கழிச்சல் கிருமி ஈரக்கூளத்துலதான் பெருகும்னு டாக்டர் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது, நாத்தமும் நோயும் ஒரே ஈரத்துலருந்து வருது.

இப்ப செய்யறது இதுதான். தண்ணி டப்பாவ செங்கல் மேல கோழி முதுகு உயரத்துக்கு தூக்கி வச்சாச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு சின்ன மண்வாரி வச்சு அடி வரைக்கும் கிளறுவேன். அப்புறம் கைப்பிடி சோதனை, ஒரு கை கூளம் அள்ளி நல்லா இறுக்கிப் பிடிச்சு விரிங்க. லேசா சேந்து உடனே உதிந்துட்டா சரியான பதம். கொழுக்கட்டை மாதிரி உருண்டையா நின்னா ஈரம், அந்த இடத்த அள்ளிட்டு புது உமி போடுங்க. சேராமலே தூசியா பறந்தா ரொம்ப காய்ஞ்சிருச்சு, கொஞ்சமா தண்ணி தெளிங்க. அப்புறம் குத்தவச்சு கோழி உயரத்துல மூச்சு இழுத்துப் பாருங்க, உங்களுக்கு கண்ணு எரிஞ்சா அதுக்கு நாள் முழுக்க எரியுதுன்னு அர்த்தம்.

4. கூளத்துலருந்து கீரைக்கு

நாலு மாசத்துக்கு ஒருக்கா பாதிக் கூளத்த எடுத்து காய்ஞ்ச இலையோட கலந்து, ஈரம் காட்டி, மூடி ரெண்டு மாசம் மக்க விடறேன். அப்படியே செடிக்கு போட்டா கருகிரும், கோழி எரு அவ்ளோ சூடு. மக்கினத கையில எடுத்தா மண்ணு வாசம் அடிக்கும், அத பாத்தியில கலந்து சிறுகீரை விதைச்சா 25 நாள்ல பறிக்கலாம். பாத்திய சுத்தி வலை கட்டிருங்க, ஒரு கோழி உள்ள போனாலும் பத்து நிமிசத்துல மொத்தத்தையும் கிளறிரும். பறிச்ச கீரையில முத்தின தண்டெல்லாம் கோழிக்குத்தான்.

அப்டேட்: நாத்தம் போகட்டும்னு கூளத்துல சுண்ணாம்பு போட்டதும் நாத்தம் இன்னும் கூடிருச்சுன்னு மூணு பேர் கமெண்ட்ல எழுதியிருந்தீங்க. ஈரக்கூளத்து மேல நேரா போட்டா அப்படித்தான் ஆகும், உள்ள இருக்கற அமோனியாவ, அதான் அந்த கண்ணு எரிய வைக்கற வாயுவ, சுண்ணாம்பு மொத்தமா கிளப்பி விட்ரும். கோழிய வெளிய விட்டுட்டு, ஈரமானத முதல்ல அள்ளி எடுத்துட்டு, தரை காய்ஞ்சதும் லேசா தூவுங்க, ஒரு மணி நேரம் காத்தாட விட்டு புது உமி பரப்பி அப்புறம் கோழிய உள்ள விடுங்க.

இன்னொரு அப்டேட்: மொட்டைமாடியில வைக்கறவங்களுக்கு, காங்க்ரீட் தரை ஈரத்த உறிஞ்சாது, அதனால மூணு இஞ்ச் பத்தாது, அஞ்சு இஞ்ச் போடுங்க. சித்திரை வெயில்ல தரையே கொதிக்கும், மேல கீத்துப்பந்தல் கட்டாம கோழிய மாடிக்கு ஏத்தாதீங்க.