வெண்டைக்காயை ஒடிக்காமல் வாங்குவது எப்படி? அங்காடியில் கைப்பழக்கமும் கிருமி அச்சமும்

ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் பகுதியிலுள்ள பல்பொருள் அங்காடியின் காய்கறிப் பிரிவில் ஒரு பெரியவரைக் கண்டேன். சட்டைப் பையிலிருந்து சானிடைசர் புட்டியை எடுத்துத் தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு முறை துடைத்தார். வண்டியை வெண்டைக்காய்த் தட்டுவரை உருட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு காயாக எடுத்து நுனியை ஒடித்தார். முற்றலாகத் தோன்றியவற்றை நுனி தொங்கிய நிலையிலேயே மீண்டும் தட்டில் போட்டார். பிறகு பாலிதீன் உறை பிரியாமல் போகவே, கட்டைவிரலை நாக்கில் தொட்டு உறையைப் பிரித்தார். அவரை நகைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த மூன்று காரியங்களையும் நானும் செய்திருக்கிறேன். அச்சம் முழுவதையும் கைப்பிடியில் இறக்கி வைத்துவிட்டு, அஞ்ச வேண்டிய விரலை நாமே வாயருகே கொண்டுபோகிறோம் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. வீட்டிலிருந்து பையோடு கிளம்புவது தொடங்கி, வாங்கியவை குளிர்பெட்டிக்குள் சேரும்வரை எங்கே கவனம் வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பார்க்கலாம்.

அண்ணாச்சி கடையில் பருப்பை அவரே அளந்து, தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தவரை இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. வாடிக்கையாளரே அடுக்கிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையை 1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தம்முடைய பிக்லி விக்லி கடையில் தொடங்கினார். 1937-இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். அந்த முறை நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்த பிறகு, ஒரே குவியலை நாளெல்லாம் நூறு கைகள் புரட்டுகின்றன. உழவர் சந்தையிலும் பொறுக்கித்தான் வாங்குகிறோம், ஆனால் அங்கே எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மா, "ஒடிக்காம எடு கண்ணு, ஒடிச்சதை யாரு வாங்குவா?" என்று அதட்டிவிடுவார். குளிரூட்டிய அங்காடியில் அதட்ட ஆளில்லை.

எந்தக் கிருமி, எந்த வழியில்?

2020-இல் பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் முக்கி எடுத்ததும், காய்கறிகளை மொட்டைமாடியில் ஒருநாள் காயவைத்ததும் பலருக்கும் நினைவிருக்கும். கொரோனா வைரஸ் பிளாஸ்டிக் பரப்பில் 72 மணி நேரம்வரை தங்கக்கூடும் என்று அப்போது வெளிவந்த ஆய்வகச் சோதனை அந்த அச்சத்துக்குத் தூபம் போட்டது. ஆனால் கிருமி ஒரு பரப்பில் தங்குவது வேறு, அதைத் தொட்டவருக்கு நோய் வருவது வேறு. பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விளக்கியது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடிவிட்டுக் காய்கறி மொத்த வணிகத்தைத் திருமழிசைக்கு மாற்ற நேர்ந்ததும், கத்தரிக்காயின் தோலுக்கு அஞ்சி அன்று, தோளோடு தோள் இடித்து நடக்கும் நெரிசலுக்கு அஞ்சித்தான். ஆகவே சளி, இருமல் வகை நோய்களுக்கு அஞ்சுபவர் பாக்கெட்டைத் துடைப்பதைவிட, கூட்டமில்லாத காலை வேளையில் கடைக்குப் போவது பயன் தரும்.

வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் தரும் கிருமிகளின் வழி வேறு. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், நோரோவைரஸ் ஆகியவை பெரும்பாலும் கையிலிருந்தோ உணவிலிருந்தோ வாய்க்குப் போகின்றன. நோரோவைரஸை ஆல்கஹால் கலந்த சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவினால்தான் அது கையைவிட்டு அகலும். வண்டியின் கைப்பிடியைத் துடைக்க விரும்பினால் ஒருமுறை துடையுங்கள், தவறில்லை. அதன்பின் வீட்டுக்கு வந்து கை கழுவும்வரை விரல் வாய்க்குப் போகாது என்று உறுதியாக இருந்தால், துடைக்காவிட்டாலும் பெரிதாகக் குறைவொன்றும் இல்லை.

கிளம்பும் முன்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், மஞ்சப்பை மறுபடியும் நம் கையில் ஏறியிருக்கிறது. இரண்டு பைகள் வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், முட்டைக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து பந்தயத்துக்குப் போன கால்பந்துச் சிறுமியர் குழுவில் நோரோவைரஸ் பரவியபோது, அதற்கான வழியாகக் கண்டறியப்பட்டது ஒரு மளிகைப் பைதான். நோயுற்ற சிறுமி இருந்த குளியலறையில் அந்தப் பை கிடந்திருக்கிறது, அதிலிருந்த தின்பண்டங்களைப் பின்னர் மற்றவர்கள் உண்டிருக்கிறார்கள். துணிப்பையைத் துவைத்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் கதவின் பின்னால் தொங்கும் பையைத் துவைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

காயைக் காயப்படுத்தாமல் தேர்ந்தெடுத்தல்

நுனி ஒடிந்த வெண்டைக்காயில் சாறு கசிகிறது. தோல் காத்து வந்த உட்பகுதி திறந்துகொள்கிறது. அடுத்து வரும் கைகளில் உள்ளதெல்லாம் அந்தக் காயத்தில் இறங்குகிறது. மறுநாள் அந்த முனை கறுத்துவிடும், கடைக்காரர் அதைத் தூக்கியெறிவார். அந்த நட்டத்தை அவர் தம் கையிலிருந்தே கொடுப்பார் என்று எண்ண வேண்டாம், விலையில் அது ஏறித்தான் வரும்.

ஒடிக்காமலே இளசு தெரியும். விரல் நீளத்துக்கு மேற்படாமல், நிறம் மங்காமல், மேலே மெல்லிய சுணையோடு இருக்கும் வெண்டையை எடுத்து, நடுப்பகுதியை நகம் படாமல் விரற்சதையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சற்றே அமுங்கினால் இளசு. வரிகள் புடைத்து, உள்ளே விதை தட்டுப்பட்டால் முற்றல். ஒரு காயில் ஐயம் இருந்தால் அதை விட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதான், பரிசோதனைக்காக அதைக் கொல்ல வேண்டியதில்லை. பீர்க்கங்காயிலும் சுரைக்காயிலும் நகத்தை அழுத்திப் பார்ப்பது இதைவிட மோசமான பழக்கம், ஏனெனில் நகக்கண்ணில் சேரும் அழுக்கு நேராகச் சதைக்குள் போகிறது. சுரைக்காயின் தோலில் பூனை மயிர்போல மென்சுணை இருந்து, காம்பு பச்சையாக, பருமனுக்கேற்ற கனமும் இருந்தால் அது இளங்காய். கத்தரிக்காய்க்குத் தோலின் மினுமினுப்பும் காம்பின் பசுமையுமே சாட்சி. புழுத்துளை இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது கண்ணின் வேலை, பிசைந்து பார்க்கும் கையின் வேலை அன்று. தேங்காயைக் காதருகே குலுக்குவதையும் தர்பூசணியைத் தட்டிக் கேட்பதையும் தாராளமாகச் செய்யுங்கள், அவற்றால் எவருக்கும் தீங்கில்லை; தேங்காயின் கண்களில் ஈரமோ பூஞ்சையோ இல்லாதிருக்கிறதா என்பதை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

திராட்சையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போடுவது வேறு வகை. மருந்து தெளிக்கப்பட்ட, கழுவாத, பலர் தொட்ட பழத்தைத் தொட்ட விரலோடு சேர்த்தே சுவைக்கிறோம். சுவை பார்த்தாக வேண்டுமானால் கடை ஊழியரிடம் கேட்டு, ஒன்றைக் கழுவித் தரச் சொல்லுங்கள். பருப்புத் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டு அளைவதையும் விட்டுவிடலாம். துவரம் பருப்பு விரலிடுக்கில் வழிந்தோடும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் அதற்காகத்தான் பக்கத்தில் கரண்டி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

உறையும் எச்சிலும்

டம்ளரை அண்ணாந்து குடிக்கப் பழக்கி, ஒருவர் கடித்ததை இன்னொருவர் தின்றால் "எச்சில்" என்று தடுத்து வளர்த்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான், ரூபாய் நோட்டை எண்ணவும் உறையைப் பிரிக்கவும் நாக்கைத் தொடுகிறோம். நோட்டிலுள்ளது நாக்குக்கும், நாக்கிலுள்ளது உறைக்கும் ஒரே அசைவில் இடம்மாறிவிடுகின்றன. பாட்டி சொன்ன எச்சில் விதி இந்த இடத்தில் எந்தச் சானிடைசரையும்விடக் கூர்மையானது.

உறையைப் பிரிக்க எளிய வழிகள் உள்ளன. கொத்தமல்லிக் கட்டின்மேல் தெளித்திருக்கும் நீரில் விரலைத் தொட்டுக்கொண்டால் போதும். கை வறண்டிருந்தால், உறையின் வாய்ப்பகுதியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திரி உருட்டுவதுபோல் தேய்த்தால் தானே பிரியும். பில் போடுபவர் உறைக்குள் வாயால் ஊதித் திறக்கப் போனால், "குடுங்க தம்பி, நானே பிரிச்சுக்கிறேன்" என்று கை நீட்டிவிடுங்கள்; இதுவரை எவரும் கோபித்துக்கொண்டதில்லை.

முன்வரிசைப் பொருளை விட்டு, பின்னாலிருந்து துழாவி எடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னால் இருப்பதைப் பலரும் தொட்டிருப்பார்கள் என்ற அருவருப்பில் அப்படிச் செய்வது வீண்வேலை, பின்னால் இருப்பதையும் அடுக்கியது ஒரு கைதான். காலாவதி நாளுக்காகச் செய்தால் அதில் நியாயம் உண்டு, ஏனென்றால் பழைய சரக்கை முன்னே தள்ளிப் புதியதைப் பின்னே அடுக்குவது கடை வழக்கம். ஒரு வாரம் வைத்திருக்க வேண்டிய தயிரானால் பின்னாலிருந்து எடுங்கள். இன்றிரவே தீரும் என்றால் முன்னால் இருப்பதே போதும். உப்பிய தயிர் பாக்கெட்டையும் புடைத்த தகர டப்பாவையும் எந்த வரிசையில் இருந்தாலும் தொட வேண்டாம்.

குளிர்ந்தவை கடைசியில்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க முடியும் என்பவர் இந்தப் பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம். உணவில் பாக்டீரியா வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில். குளிரில் இருக்க வேண்டிய பொருள் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கும். சித்திரை மாதச் சென்னையில், வண்டி நிறுத்துமிடத்திலும் சிக்னலிலுமாக அந்த ஒரு மணி நேரம் கரைந்துபோகும். ஆகவே அரிசி, பருப்பு, சோப்பு, காய்கறி என்று முடித்து, பால், பனீர், இறைச்சி ஆகியவற்றைப் பில் போடப் போகும்போது எடுங்கள்.

இதன் மறுபக்கமாக ஒரு பழக்கம் இருக்கிறது. பனீரை எடுத்து வந்தவர் மனம் மாறி, திரும்ப நடக்கச் சோம்பி, அதைப் பிஸ்கட் அடுக்கில் செருகிவிட்டுப் போகிறார். அது அங்கே பத்து நிமிடம் கிடந்ததா, பாதி நாள் கிடந்ததா என்று அதைக் கண்டெடுக்கும் ஊழியருக்குத் தெரியாது; அவர் நல்லெண்ணத்தோடு அதை மறுபடி குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், அடுத்து வாங்குபவருக்குப் பார்வையால் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேண்டாமென்று தோன்றினால் பில் போடும் இடத்தில் கொடுத்து, "இது வேண்டாம், இப்பத்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு நொடி ஆகும்.

கோழிக்கறியைத் தனி உறையில் இறுகக் கட்டச் சொல்லி, வண்டியில் குழந்தை உட்காரும் இடத்துக்கு எட்டாமல் வையுங்கள். பச்சை இறைச்சிக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் அமர்ந்து வந்த கைக்குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் தொற்று கூடுதலாக ஏற்பட்டதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொட்டலத்தில் கசியும் நீரைத் தொட்டுவிட்டு விரலைச் சப்புவது குழந்தைக்கு இயல்பு.

வீட்டுக்கு வந்தபின்

முதலில் கை கழுவுங்கள், பிறகு பையைப் பிரியுங்கள். காய்கறிகளைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவ வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் கொரோனாக் காலத்திலேயே அறிவுறுத்தியது. நல்ல தண்ணீரே போதும். உப்பும் மஞ்சளும் கலந்த நீர் காலிஃபிளவரின் புழுவை வெளியேற்ற உதவும், ஆனால் அதைக் கிருமிகளைக் கொல்லும் மருந்தாக நம்ப வேண்டாம். கீரையை அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, நீரைச் சாய்க்காமல் கீரையை மட்டும் மேலே அள்ளி எடுத்தால் மண் அடியில் தங்கும். சமைக்கும் முன் கழுவுங்கள், ஈரத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் அழுகிவிடும். முட்டையையும் அப்படியே கழுவாமல் வையுங்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் கழுவினால் போய்விடும்.

பால் பாக்கெட்டை வெறும் தண்ணீரில் அலசித் துடைப்பது நல்ல பழக்கமே, அது தரையில் வைத்த தட்டுகளில் அடுக்கி வருகிறது. மூலையைப் பல்லால் கடித்துத் திறப்பவர்கள் கத்தரிக்கோலைத் தேடிக்கொள்வது அதனினும் நல்லது.

கோழியைக் கழுவக் கூடாது என்பதுதான் அமெரிக்க, பிரிட்டன் அரசுகளின் அறிவுரை. தெறிக்கும் நீர் மேடையெங்கும் கிருமியைப் பரப்பும், உள்ளே 74 டிகிரி வரை வேகும் சூடே அதைக் கொல்லும். மஞ்சள் தூவி மூன்று முறை கழுவாமல் நம் வீடுகளில் குழம்பு கொதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். விட முடியாதவர்கள் குழாயடியில் பிடிக்காமல், பாத்திரத்துக்குள் நீர் விட்டு மெதுவாக அலசி, உடனே தொட்டியையும் கையையும் சோப்பால் தேய்த்துவிடுங்கள். அருகில் அரிந்து வைத்த வெங்காயம் இருந்தால் முன்பே நகர்த்தி வையுங்கள். இறைச்சி வந்த பையை அன்றைக்கே துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டிக் கொடியில் வெயிலில் போடுங்கள்.