கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க

பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் வந்து உட்காரும் பெரியவர்களுக்கு நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடப் பழகியதும் பல வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போடும் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் வித்தியாசம் கிடையாது. தன்னை ஏமாற்ற வரும் தாளைப் படிக்கவும், தனக்கு நடந்த அநியாயத்தைத் தானே எழுதிக் கொடுக்கவும் வர வேண்டும். அதுவரை விடக்கூடாது.

முதல் நாள் அரிச்சுவடியைத் தொடாதீர்கள். அவர்களைப் பேசவிட்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலி, கடன், வட்டி, கணக்கு என்று வரும். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு, அவர்கள் வாயில் புழங்கிய சொற்களை அசை அசையாகப் பிரித்தே கற்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அன்று அங்கே வாக்குரிமை இல்லை. மறு ஆண்டு ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் அடைத்தது.

தமிழில் இந்த முறை அருமையாகப் பொருந்துகிறது. ‘கூலி’ என்று பெரிதாக எழுதுங்கள். பக்கத்திலேயே க வரிசை, ல வரிசை இரண்டையும் எழுதி, இவற்றை வைத்து வேறு என்ன சொல் வரும் என்று கேளுங்கள். கல், கால், காலை, காலி, கலை, கேலி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ‘கடன்’ வரும்போது க ஏற்கெனவே தெரியும், ட, ன் மட்டும்தான் புதிது. சின்னக் குழந்தைகளின் பாடப்புத்தகத்தைப் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள், கூசிப்போவார்கள். ‘எனக்கு மண்டையில ஏறாது’ என்று ஒருவர் சொன்னால் முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கண்ணாடி போட்டதும் எழுத்து பிடிபட்டுவிடுகிறது.

வீட்டில் புத்தகம் இல்லையென்றால் மருந்துச் சீட்டு, மூட்டையின் மேல் அச்சடித்தது, பெயர்ப் பலகை எல்லாமே பாடம். அமெரிக்காவில் அடிமையாக வளர்ந்த ஃபிரடெரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துக்களைச் சொல்லிக்கொடுக்க, எஜமான் தடுத்துவிட்டார். அந்தச் சிறுவன் கப்பல் பட்டறையில் மரங்களின் மேல் குறித்திருந்த எழுத்துக்களைப் பார்த்து எழுதிப் பழகினான். 1845இல் தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதினார்.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் ஒப்பந்தத் தாளுக்குப் போங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம், வாரக்கணக்கில் இருந்தாலும் தகும். ஒரு மாதிரித் தாள் தயாரித்து, பெயர், தேதி, தொகை எங்கே இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் போட்டு வையுங்கள், கண்டுபிடிக்கட்டும். வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போட்ட பிறகே கையெழுத்து. வாய்க்கும் பயிற்சி தேவை. ஒருவர் முதலாளியாக உட்காரட்டும், மற்றவர் எதிரே நின்று ‘படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன், எனக்கு ஒரு நகல் குடுங்க’ என்று சொல்லட்டும். தயங்காமல் வரும்வரை சொல்ல வேண்டும். எழுத்தைவிட இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பலர் அதிகம் திணறுகிறார்கள்.

அடுத்தது மனு. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், எனக்கு என்ன வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் போதும். நீங்கள் எழுதிக் கொடுக்கவே கூடாது. அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே தாளில் ஏறட்டும், பிழையை மட்டும் பிறகு திருத்தலாம். ஜோதிராவ், சாவித்திரிபாய் ஃபுலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே, மகாராஷ்டிரத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ஒரு மராத்தி இதழில் அச்சானது. மாங் சமூகத்து மாணவி தன் மக்களைப் பற்றித் தானே எழுதினாள் என்பதுதான் அதன் பலம்.

ஆபத்தையும் மறைக்காமல் பேசுங்கள். 1957இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய எழுத்தறிவுத் தேர்வு தடையாக இருந்தது. அதற்காக பெர்னீஸ் ராபின்சன் வகுப்பு தொடங்கினார். முன்னால் கடை, பின்னால் வகுப்பு, வெள்ளையர் கண்ணில் படாதிருக்க. அவர் சிகையலங்காரக் கலைஞர், ஆசிரியர் அல்ல. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றார். உங்கள் வகுப்பிலும், முதலாளி கொடுத்த இடத்தில் குடியிருப்பவர் நோட்டை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். மனுவைக் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கூடுமானால் பலர் சேர்ந்து கையெழுத்திடுவது பாதுகாப்பு.

கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் மனு கொடுத்தவரே வகுப்பில் உரக்கப் படிக்கட்டும். வராவிட்டால் அன்றைய பாடம் நினைவூட்டல் கடிதம், அதன் முதல் வரியிலேயே பழைய மனுவின் தேதி இருக்க வேண்டும்.