பாலாற்றங்கரை ஊர்களில் ஒரு கால்பந்து மன்றத்தை நடத்தும் முறை

வேலூரைப் பற்றிய பழைய கேலிகளுள், இங்கே ஆறு உண்டு, தண்ணீர் இல்லை என்பதும் ஒன்று. தண்ணீர் இல்லாத அந்தப் பாலாற்று மணலில்தான் என் தலைமுறையினர் பலர் முதன்முதலாகப் பந்தை உதைத்தோம். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகவும், அதில் வேலூர் மாவட்டம் 2019-இல் மறுபடியும் மூன்றாகவும் பிரிந்த பிறகும், வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை ஆற்றை ஒட்டிய ஊர்களில் மாலை நேரத்துக் காட்சி மாறவில்லை. செருப்புகளைக் கழற்றி இரண்டு பக்கமும் வைத்து, அதையே கோல் எல்லையாக்கிக்கொண்டு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, ஒரே நிறத்தில் ஜெர்சி வாங்கிவிட்டால் ‘டீம்’ தயார். ஆனால் ஆடியவர்கள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, ஓசூர், பெங்களூரு என்று கிளம்பியதும் பந்தும் வலையும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடுகின்றன. ஆடுபவர்கள் மாறினாலும் ஊரில் தங்கியிருக்கிற மன்றமாக அதை ஆக்குவதற்கு, ஆட்டத் திறமைக்கு முன்பாக மைதானமும் கணக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு சிறு மன்றத்தின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், நாங்கள் சரியாகச் செய்தவற்றையும் கோட்டைவிட்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மைதானம்

விதிப்படி பெரியவர்களின் ஆட்டக்களம் 90 முதல் 120 மீட்டர் நீளமும் 45 முதல் 90 மீட்டர் அகலமும் கொண்டது. அவ்வளவு இடம் நம் ஊர்களில் பெரும்பாலும் அரசுப் பள்ளியிடமோ கல்லூரியிடமோதான் இருக்கும். ஆகவே முதல் வேலை பள்ளித் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சந்திப்பது. வாய்மொழியாகக் கிடைத்த அனுமதி அந்தத் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போகும் நாளோடு முடிந்துவிடும் என்பதால், எந்தெந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஆடுவீர்கள், ஆடிய பிறகு யார் பெருக்குவார்கள், கதவுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கி வையுங்கள்.

பள்ளி இடம் கிடைக்காத ஊராட்சிகளில் கிராம சபையே சரியான வழி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் அது கூடுகிறது. பையன்கள் மட்டும் போய் நின்றால் ‘சரி, பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களுடைய தாய்மார்கள் பத்துப் பேர் கூடவே வந்து உட்கார்ந்தால் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறும். புறம்போக்கு நிலத்தையோ ஏரி உட்பகுதியையோ தீர்மானம் இல்லாமல் நீங்களே வண்டி வைத்துச் சமன்படுத்திவிடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது ஆக்கிரமிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். ஊராட்சி அலுவலகத்துக்குப் போகும்போதே, 2024-இல் ஊராட்சிகளுக்கு அரசு வழங்கிய விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆற்று மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கெண்டைக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனாலும் மணல் அள்ளிய குழிகள் மழைக்குப் பிறகு குட்டைகளாகி, எங்கே ஆழம் என்று தெரியாமல் நிற்கும். பந்து விழுந்தால் இறங்குவது சிறுவர்களாகத்தான் இருப்பார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, இது எப்போதும் வறண்டே கிடக்கும் ஆறு அன்று என்பது நினைவிருக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றில் பயிற்சி வேண்டாம். மாசியில் மயானக் கொள்ளை நடக்கும் நாட்களில் வேலூர்ப் பக்கத்து ஆற்றங்கரை உங்களுடையதன்று என்பதையும், தை முதல் எருது விடும் விழா நடக்கும் நாட்களில் பயிற்சி வைத்தால் பயிற்சியாளர் மட்டுமே வந்து நிற்பார் என்பதையும் ஆண்டுத் திட்டம் போடும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ளது. இரும்புக் குழாயில் பற்றவைத்துச் செய்த கம்பங்களைத் தரையில் சும்மா நிறுத்தி வைப்பதே நம் பக்கத்து வழக்கம். இதை உடனே மாற்ற வேண்டும். குழந்தைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்கும்போது அது முன்னால் சாய்ந்து தலையில் விழுந்தால் உயிர் போகும். கம்பம் தரையில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று ஆட்ட விதியே சொல்கிறது. எல்லைக்கோடு போடுவதற்குச் சுண்ணாம்பைப் பயன்படுத்தாதீர்கள். வியர்வையும் தண்ணீரும் பட்டால் அது தோலையும் கண்ணையும் சுடும். கோலம் போடுகிற வெள்ளைக் கல்மாவு போதும்.

பதிவும் பணமும்

பதிவு அவ்வளவு பெரிய வேலையன்று. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து, நோக்கக் குறிப்பும் துணை விதிகளும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது. ஏழு பேரும் ஒரே தெருவினராகவோ ஒரே சாதியினராகவோ இருந்தால், எத்தனை நல்ல பெயர் வைத்தாலும் ஊர் அதைத் தன் மன்றமாக எண்ணாது. ஊரும் காலனியும் முஸ்லிம்கள் வாழும் மொஹல்லாவும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில், அந்த ஏழு கையொப்பங்களில் மூன்று இடத்தினரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே பிற்காலத்துச் சண்டைகளில் பாதியைத் தவிர்க்கும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே பயிற்சியை முடிப்பதும், கூழ் ஊற்றும் ஆடி வெள்ளியில் விடுப்பு விடுவதும் அப்போது யாரும் கேட்காமலே நடக்கும்.

பணத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்றங்கள் தோற்றுக் கலைவதைவிடக் கணக்கில் சந்தேகம் வந்து கலைவதே அதிகம். மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணுக்கு நன்கொடை வாங்கும் பழக்கம் இன்று எளிதாக இருக்கிறது; அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஓராண்டுக்குப் பிறகு எது மன்றப் பணம், எது வீட்டுப் பணம் என்று அவராலேயே பிரிக்க முடியாது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். பதினைந்து வயதுப் பையன்களுக்கு அதைக் கேட்கப் பொறுமை இருக்காது. பரவாயில்லை, வாசிக்கப்படுகிறது என்பது வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

சந்தாவைச் சிறியதாக வைத்து, கட்ட முடியாதவர்களுக்கு மைதானத்தைப் பெருக்குவது, கோடு போடுவது போன்ற வேலைகளைக் கொடுத்துவிட எண்ணும் மன்றங்கள் உண்டு. நாங்களும் செய்தோம். ஏழைப் பிள்ளைகள் மட்டும் துடைப்பம் பிடிக்கும் காட்சியாக அது மாறியதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. இப்போது அந்த வேலைகள் சுழற்சி முறையில் எல்லோருக்கும் வருகின்றன. சந்தா கட்டாதவர் யார் என்பது பொருளாளருக்கு மட்டுமே தெரியும்.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் கேட்டால் உதவக்கூடியவை. கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் சட்டப்படி சேர்க்கத்தக்கது என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஆனால் ஒரே புரவலரிடம் முழுச் செலவையும் ஒப்படைக்காதீர்கள். ஒரு முறை எங்களுக்கு ஜெர்சி, பந்து, வலை எல்லாவற்றையும் ஒருவரே வாங்கிக் கொடுத்தார். தேர்தல் நெருங்கியபோது ஜெர்சியின் முதுகில் அவருடைய கட்சி நிறம் வந்து சேர்ந்தது. பாதிப் பையன்களின் வீட்டில் அந்த ஜெர்சியை அணிய விடவில்லை. அந்த இரண்டு மாதமும் பழைய பனியன்களிலேயே ஆடினோம்.

பிள்ளைகள்

பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் காலும் வலிக்கும், ஆர்வமும் போகும். சிறுவர்களுக்கு மூன்றாம், நான்காம் எண் பந்துகளை வாங்குங்கள். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. மே 4 முதல் 28 வரையிலான கத்திரி நாட்களில் காலை ஏழரைக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். வெயில் காலப் போட்டிகளில் ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை உடலைக் குளிர்விக்கும் இடைவேளை விட விதியே இடம் தருகிறது என்பதை நடுவருக்கு நினைவூட்டுங்கள். வெயிலில் ஆடும் பையன் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அன்று மறுபடி இறக்காதீர்கள்.

பயிற்சியாளர் தனியாக ஒரு பிள்ளையை வண்டியில் அழைத்துச் செல்வது, இரவில் தனியாகக் கைபேசியில் செய்தி அனுப்புவது ஆகியவை கூடாது என்று எழுத்திலேயே விதி வையுங்கள். எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் மன்றத்தின் பெயர் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பேசி முடிக்கக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு அணி வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். உடை மாற்ற ஓர் அறையும் பூட்டும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. அவை இருக்கும் மைதானத்தில், வெளிச்சம் மங்குவதற்கு முன்பே முடியும் நேரத்தில், ஓர் அக்கா துணைக்கு நின்றால் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள்.

போட்டி நடத்துவதும் அதற்கு அப்பாலும்

ஆண்டுக்கு ஒரு முறை, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடத்தினால் ஊரே கூடும். எட்டு அணிகளை நாக் அவுட் முறையில் ஆடவிட்டால் ஏழே ஆட்டங்கள். நான்கு அணிகள் பஸ் பிடித்து வந்து ஓர் ஆட்டத்தோடு திரும்பும். நான்கு நான்காக இரண்டு பிரிவுகள் வைத்தால் அரையிறுதி, இறுதியோடு சேர்த்துப் பதினைந்து ஆட்டங்கள் கிடைக்கும், ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி. என் கருத்தில் அதிக நாள் ஆனாலும் இரண்டாவது முறையே நல்லது. பரிசுத் தொகையைக் கூட்டினால் வெளியூர் ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இறக்குவார்கள், சண்டையும் கூடவே வரும். கோப்பையும் ஒரு நல்ல பந்தும் போதும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, இரவு பத்து மணிக்குள் நிறுத்திவிடுங்கள்.

வேலூருக்கென்று ஒரு கடமையும் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கும் வெளியூர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இரத்தம் கொடுக்க இங்கே உறவினர் இருப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத ஆட்டக்காரர்களின் இரத்த வகையை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொருவரும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் குறித்துவாருங்கள். ஆண்கள் 90 நாட்களுக்கும் பெண்கள் 120 நாட்களுக்கும் பிறகே மறுபடி கொடுக்கலாம். கொடுத்த மறுநாள் அவரை ஆட்டத்தில் இறக்காதீர்கள்.

மூன்றாண்டு முடிந்து நிர்வாகிகள் மாறும்போது அந்த நோட்டு, மைதான அனுமதிக் கடிதம், வங்கிப் புத்தகம், பந்துகளின் எண்ணிக்கை, அறைச் சாவி ஆகிய ஐந்தையும் மைதானத்திலேயே எல்லோரும் பார்க்கக் கைமாற்றுங்கள். பழைய செயலாளர் அடுத்த ஆறு மாதமாவது வாரம் ஒரு முறை மைதானத்துக்கு வந்து போகட்டும். கேட்டால் சொல்லட்டும், கேட்காவிட்டால் ஓரமாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கட்டும்.